ஐம்பத்தோரு கோல்கள்

கிளப்பில் எல்லோரும் அவளைக் கேமராக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், மைதானத்துப் புல்லைப் பராமரிக்கிறவர், அவருக்கும் அவள் கேமராக்காதான். நாற்பத்தாறு வயதுக்குள் அது அவளுக்கே இன்னொரு பெயராகப் பழகிவிட்டது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கால்பந்து கிளப்பிலிருந்து போன் வந்தது. வழக்கமாக ஆட்டத்தைப் படம் பிடிக்கிறவருக்குக் காய்ச்சல், ஒரே ஒரு மேட்ச் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். போனாள். இரும்பு ஏணியில் ஏறி, கேலரியின் கூரைமேல் கேமரா முக்காலியை நிறுத்தினாள். ஆட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வழக்கமாக எடுக்கிறவர் பந்தின் பின்னாலேயே ஓடுவார். அவளோ கல்யாண வீட்டுப் பழக்கத்தில், மேடையை மட்டும் எடுத்தால் மாமா முகம் விழவில்லை, சித்தி முகம் விழவில்லை என்று சண்டைக்கு வருவார்களே என்று பயந்து, பதினொரு பேரும் எப்போதும் திரையில் தெரிகிற மாதிரி எடுத்துவிட்டாள். அன்றைக்கு இருந்த கோச் அதைப் பார்த்துவிட்டு, "இனிமே இவங்களே எடுக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு நான்கு கோச்சுகள் வந்து போனார்கள். அவள் இருந்தாள். எடுத்ததை வெட்டி ஒட்டினாள், பிறகு குறிப்பு எழுதினாள், பிறகு அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கத் தொடங்கினார்கள். அவளுக்குக் கேலரிக்கு அடியில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் உடை மாற்றும் அறை, இன்னொரு பக்கம் துணி துவைக்கும் அறை. வாஷிங் மெஷின் வேகமாகச் சுற்றும்போது மேஜையும் திரையும் சேர்ந்து நடுங்கும். ஓடுகிறவர்கள் எல்லாரும் ஆடுவதுபோலத் தெரியும். மெஷின் நிற்கும் வரை காத்திருந்து மறுபடி பார்ப்பாள்.

போன சீசன் முப்பது ஆட்டத்தில் அணி ஐம்பத்தோரு கோல் வாங்கியிருந்தது. கடைசி ஆட்டத்தை டிரா செய்து, மயிரிழையில் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பித்தது. கோச்சை அனுப்பிவிட்டார்கள். அடுத்தபடியாக ஊரே கை நீட்டியது கேப்டனை நோக்கி.

கேப்டனுக்கு முப்பத்துநான்கு வயது. டிஃபென்ஸின் நடுவில் இரண்டு பேர் நிற்பார்கள், அதில் வலப்பக்கம் அவர். ஒன்பது வருஷமாக அந்த இடம் அவருடையது. யாரும் சுலபமாக உள்ளே போக முடியாது என்பதால் ரசிகர்கள் அவருக்குத் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரே இப்போது வினையாகிவிட்டது. சலூனில் தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது என்றார்கள். பஸ்ஸில் ஒருவர், "துரு இல்லைங்க, ஆணியே கழண்டுடுச்சு" என்று சொல்ல, நின்றுகொண்டு வந்தவர்கள்கூடச் சிரித்ததை அவள் காதால் கேட்டாள்.

கிளப் தலைவர் பெயின்ட் வியாபாரி. அவர் ஏற்கெனவே வேறொரு கிளப்பில் ஆடும் இருபத்துநான்கு வயது டிஃபெண்டரோடு பேசத் தொடங்கியிருந்தார். பெரியவர் போவார், சின்னவர் வருவார் என்பது முடிந்த காரியம் மாதிரியே பேச்சு இருந்தது.

புது கோச் வந்த அன்றே அவள் அறைக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், குரல் உயராத மனிதர். அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அவள் எழுந்திருக்கப் போனதும் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, பந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

"அம்மா, போன சீசன் கோல் எல்லாம் உங்ககிட்ட இருக்கா?"

"கோல் மட்டுமில்ல சார். எல்லா நிமிஷமும் இருக்கு."

"எப்படி விழுந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். ஏன் விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். டிஃபென்ஸ்ல யாரை வச்சுக்கலாம், யாரை மாத்தலாம்னு ஒவ்வொருத்தரைப் பத்தியும் எழுதிக் குடுங்க. சீசன் தொடங்கறதுக்கு இன்னும் ரெண்டு மாசம். உங்களுக்கு மூணு வாரம்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "தலைவர் முடிவு பண்ணிட்டதா கேள்விப்பட்டேன் சார்."

"அவர் பண்ணியிருக்கலாம். நான் இன்னும் பண்ணல."

மறுநாள் முதல் காலையில் பயிற்சியைப் படம் எடுத்தாள், மதியத்துக்கு மேல் கோல்களைப் பார்த்தாள். ஒவ்வொரு கோலுக்கும் நோட்டில் ஒரு பக்கம். எத்தனையாவது நிமிஷம், பந்து எங்கிருந்து வந்தது, டிஃபென்ஸ் நாலு பேரும் எங்கே நின்றார்கள், கோல்கீப்பர் எங்கே. எல்லாவற்றையும் பென்சிலால் வரைந்தாள். கம்ப்யூட்டரில் வரையலாம்தான். ஆனால் கையால் வரைந்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார். "ஐம்பத்தோரு தடவை அடி வாங்கினதையே திரும்பத் திரும்பப் பாக்கறியே, அலுக்கலையா?"

"ஒரு லிஃப்ட் அடிக்கடி நின்னா, நீங்க எத்தனை தடவை மேலயும் கீழயும் போய்ப் பாப்பீங்க?"

"அது லிஃப்ட். உள்ள ஆள் மாட்டிக்குவான்."

"இதுலயும் ஒரு ஆள் மாட்டிக்கிட்டுத்தான் இருக்காரு," என்றாள் அவள். அவர் குழம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

முதல் வாரம் முடிந்தபோது கணக்கு கேப்டனுக்கு எதிராகவே இருந்தது. ஐம்பத்தொன்றில் பத்தொன்பது கோல், கேப்டனுக்கும் அவருக்கு வலப்பக்கம் நிற்கும் ரைட் பேக்குக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக வந்திருந்தது. ஒரு லாரியே போகலாம், அவ்வளவு இடம். ரைட் பேக்கைத்தான் இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவன் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தான். நகர்ந்து நின்றது கேப்டன். கோலுக்கு நேர் எதிரே இருக்கும் பெனால்டி புள்ளிக்கு வலப்பக்கம் நிற்க வேண்டியவர், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, புள்ளியைத் தாண்டி இடப்பக்கம் போய் நின்றார். ஒவ்வொரு ஆட்டத்திலும்.

அவர் மெதுவாகிவிட்டார் என்பதும் பொய்யில்லை. எதிரணி ஆளோடு பந்துக்காக ஓடிய பதினொரு ஓட்டத்தில் ஒன்பதில் தோற்றிருந்தார். அதையும் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்க மனம் வரவில்லை. வேகம் குறைந்த டிஃபெண்டர் பின்னால் தள்ளி நிற்பார், அது அவள் பல பேரிடம் பார்த்தது. பக்கவாட்டில் எதற்கு நகர வேண்டும்?

முதல் ஆட்டத்திலிருந்து மறுபடி பார்த்தாள். ஒன்று முதல் ஏழு வரை கேப்டன் புள்ளிக்கு வலப்பக்கம்தான். அந்த ஏழு ஆட்டத்தில் வாங்கியதே எட்டு கோல்தான். எட்டாவது ஆட்டத்தின் முதல் நிமிஷத்திலிருந்து இடப்பக்கம். நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த மாதிரி இல்லை. ஒரே வாரத்தில் இடம் மாறியிருந்தார். வயது அப்படி ஒரே வாரத்தில் வந்து உட்காராது.

பழைய கோச்சுக்குப் போன் செய்தாள். அவர் வீட்டில் சும்மா இருந்தார், பேச ஆள் கிடைத்த சந்தோஷம் குரலில் தெரிந்தது.

"நான் அப்படி நிக்கச் சொல்லவே இல்ல, கேமராக்கா. நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கேன். சரிங்க சார்ம்பாரு. அடுத்த மேட்ச்ல மறுபடி அங்கயே போய் நிப்பாரு. வயசானா பிடிவாதம் வருமேன்னு விட்டுட்டேன்."

அன்று பயிற்சிக்கு முன்னால் கேப்டன் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "எட்டாவது ஆட்டத்துல இருந்து நீங்க ஏன் இடப்பக்கம் நகர்ந்து நிக்கறீங்க?"

கயிற்றில் அவர் கை நின்றது. பிறகு மறுபடி கட்டினார். "வயசாயிடுச்சு கேமராக்கா. கால் எங்க போகுதுன்னு எனக்கே தெரியறதில்ல. அப்படியே எழுதிடுங்க."

ஒன்பது வருஷத்தில், தனக்கு வயசாகிவிட்டது என்று அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை. சொன்ன விதத்தில் வருத்தமும் இல்லை. கடைக்காரர் சில்லறை இல்லை என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கிளப்பில் இன்னொரு கேமராவும் இருந்தது. கோல் வலைக்குப் பின்னால் ஒரு கம்பத்தில் கட்டிவைத்த சின்ன கேமரா. கோல்கீப்பர் எப்படிப் பாய்கிறார் என்று பார்ப்பதற்காக யாரோ ஒரு காலத்தில் வாங்கியது. அது தானாக ஓடும், தானாக நிற்கும், அதில் பதிவானதை ஒருவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. வேறு வழி தெரியாமல் அவள் அதை எடுத்துப் போட்டாள். வழக்கம்போலச் சத்தத்தை அணைத்துவைத்துத்தான் பார்த்தாள். இரண்டு நாள் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து அறையில் மெஷின் ஓடாத நேரம், கை தவறிச் சத்தம் வந்துவிட்டது.

கேப்டனின் குரல் கேட்டது. "வருது... உயரம்... இரு, இரு... இப்ப வா."

டிஃபெண்டர்கள் கத்துவது புதிதல்ல. அதனால் முதலில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்து வலப்பக்கத்திலிருந்து ஒரு பந்து வந்தது. கேப்டன் வாய் திறக்கவில்லை. அதற்கடுத்து இடப்பக்கத்திலிருந்து. "வருது... தரையோட... வலது காலால நிறுத்து." மறுபடி இடப்பக்கம். மறுபடி குரல்.

முதல் ஏழு ஆட்டத்தின் பதிவைத் தேடிப் போட்டாள். அதில் அப்படி ஒரு குரலே இல்லை.

இப்போது கோல்கீப்பரைப் பார்த்தாள். இருபத்தாறு வயதுப் பையன், ஆறடி மூன்றங்குலம், ஒல்லி. அணியில் அவனை ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவார்கள். வலப்பக்கப் பந்துக்குக் கண்ணை மட்டும் திருப்பினான். இடப்பக்கப் பந்துக்கு முகவாய் தோளைத் தாண்டுகிற அளவுக்குத் தலையையே திருப்பினான். அவன் தலை திரும்புகிற அந்த அரை விநாடியில், கேப்டன் அவனுக்கும் பந்துக்கும் நடுவில் போய் நின்றார். அவர் இடம் மாறி நின்றது அதற்குத்தான்.

ஏழாவது ஆட்டத்தின் எழுபதாவது நிமிஷத்தைத் தேட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அது மனப்பாடம். காலடியில் வந்த பந்தைப் பிடிக்கக் கோல்கீப்பர் விழுகிறான், ஓடிவந்த எதிரணி ஸ்ட்ரைக்கரின் முழங்கால் அவன் முகத்தில் இடதுபக்கம் மோதுகிறது. நான்கு நிமிஷம் கிடக்கிறான். எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கையுறையை மாட்டுகிறான். கேலரி மொத்தமும் எழுந்து கை தட்டுகிறது. அன்றைக்குக் கூரைமேல் அவளும் தட்டினாள். சீசன் முடிவில் போட்ட தொகுப்பில் அந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் மேளம் சேர்த்ததும் அவள்தான்.

அவள் திரையை அணைத்துவிட்டு வெளியே போய் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் கேப்டன் கேலரியில் தனியாக உட்கார்ந்திருந்தார், முழங்காலில் ஐஸ் பையோடு. அவள் போய் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள்.

"அவனுக்கு இடது கண் தெரியல. அதானே?"

அவர் மைதானத்தையே பார்த்தார். "யார் சொன்னது?"

"நீங்கதான். இருபத்துமூணு ஆட்டமா கத்திச் சொல்லியிருக்கீங்க. எனக்கு இன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சு."

ஐஸ் உருகி அவர் காலுறையில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. பையை எடுத்துக் கீழே வைத்தார். "எட்டாவது ஆட்டத்துக்கு முன்னால வார்ம்-அப்ல இடப்பக்கம் போட்ட பந்தெல்லாம் விட்டான். கேட்டேன். கண்ணாடில ஆவி படிஞ்ச மாதிரி இருக்குண்ணேன்னான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். அப்பா இல்லாத வீடு, அவங்க குடும்பத்துல தலையெடுத்தது இவன் ஒருத்தன்தான். ஒரு மாசத்துல சரியாயிடும்னு நினைச்சோம். அந்த ஒரு மாசம் இப்படி நீண்டுடுச்சு."

"டாக்டர்கிட்ட போனானா?"

"போகல. போனா காகிதத்துல வந்துடும்னு பயம்."

அவளுக்குக் கோபம் வந்தது. குரல் உயரவில்லை. "உங்க பேர் கெட்டாலும் பரவாயில்லைன்னு நினைச்சீங்க. அது உங்க இஷ்டம். ஆனா கண்ணு அவனோடது. எட்டு மாசம் அதைச் சும்மா விட்டு வச்சிருக்கீங்க."

கேப்டன் முகத்தைப் பார்த்தால், அதை அவர் இதற்கு முன் தனக்குத்தானே பல தடவை சொல்லியிருப்பார் என்று தோன்றியது.

"எழுதப் போறீங்களா?" என்றார்.

"எழுதித்தான் ஆகணும். ஆனா அவன்கிட்ட பேசாம எழுத மாட்டேன்."

மறுநாள் காலை கோல்கீப்பரை அறைக்குக் கூப்பிட்டாள். தன் நாற்காலியைக் கொடுத்தாள். அவன் உட்காரும் முன்பே நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, திரை தனக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி போட்டுக்கொண்டான். தான் அப்படிச் செய்தது அவனுக்கே தெரிந்திருக்காது.

மூன்று காட்சிகள் போட்டாள், சத்தத்தோடு. "வருது... உயரம்... இரு, இரு..." மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கும்போது அவன், "போதும்க்கா" என்றான்.

அவள் நிறுத்தினாள்.

"புது சீசனுக்குன்னு போன வாரம் எடுத்த மெடிக்கல் டெஸ்ட்ல எப்படித் தம்பி பாஸானே?"

"சுவத்துல எழுத்து மாட்டியிருப்பாங்க இல்ல, முதல்ல வலது கண்ணால படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். அதையே இடது கண்ணுக்கும் ஒப்பிச்சுட்டேன். ஸ்கூல்லகூட நான் எதையும் இவ்வளவு சரியா ஒப்பிச்சதில்லக்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அவன் சிரிப்பு பாதியில் நின்று, உதடு கோணியது. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எழுதாம இருக்க முடியாதாக்கா?"

"எழுதலன்னா கேப்டனை அனுப்பிடுவாங்க. புதுசா வர்றவன் அவர் நின்ன இடத்துல நிக்க மாட்டான். கத்தவும் மாட்டான். முதல் ஆட்டத்துலயே நீ தனியா மாட்டிக்குவே."

"அனுப்பறாங்களா? அது சும்மா பேச்சுன்னு சொன்னாரே அண்ணன்."

"உன்கிட்ட அப்படித்தான் சொல்லுவார்."

அவன் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கேப்டன் போகப்போகிறார் என்பது அவனுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. "நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன்" என்றான்.

"நாளைக்குன்னா நீ போக மாட்டே. இன்னிக்குப் போவோம். வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லு."

கண் ஆஸ்பத்திரிக்கு அவன் மனைவி வேலை செய்யும் இடத்திலிருந்து நேராக வந்தாள். அவனுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். நடந்ததைக் கேமராக்காதான் அவளிடம் சொன்னாள். அந்தப் பெண் கத்தவில்லை, அழவில்லை. "வீட்ல டீ டம்ளரை எத்தனை தடவை தட்டி விட்டிருக்கார் தெரியுமாக்கா? எல்லாமே இந்தக் கைப்பக்கம்," என்று தன் இடது கையைக் காட்டினாள். "கவனம் எங்கயோ இருக்குன்னு நான் திட்டிட்டே இருந்தேன்." பிறகு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இடப்பக்கமாக உட்கார்ந்தவள், எழுந்து வலப்பக்கம் மாறி உட்கார்ந்தாள்.

டாக்டர் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அடிபட்டதுல கண்ணு லென்ஸ்ல புரை விழுந்திருக்கு."

"புரை வயசானவங்களுக்குத்தானே டாக்டர்?" என்றாள் மனைவி.

"அடிபட்டாலும் விழும்மா. ஆபரேஷன் பண்ணி லென்ஸை மாத்திடலாம். உள்ள விழித்திரை நல்லா இருக்கு, அதுதான் முக்கியம். அதே இடத்துல இன்னொரு அடி விழுந்திருந்தா நான் இவ்வளவு தைரியமா பேசியிருக்க மாட்டேன்." பிறகு கோல்கீப்பரைப் பார்த்து, "ஆறு மாசத்துக்குப் பந்து பக்கம் போகக்கூடாது. அப்புறமும் கண்ணுக்குக் கவசம் மாட்டிக்கிட்டுத்தான் ஆடணும்" என்றார்.

ஆடலாம் என்ற ஒரு வார்த்தையைத்தான் அவன் கேட்டான் போல. "சரிங்க டாக்டர்" என்று மூன்று தடவை சொன்னான்.

அந்த வாரக் கடைசியில் கேமராக்கா அறிக்கையைக் கொடுத்தாள். பதினான்கு பக்கம், கையால் வரைந்த படங்களோடு. கேப்டனைப் பற்றி எழுதியதில் எதையும் அவள் மழுப்பவில்லை. அவர் மெதுவாகத்தான் ஓடுகிறார், டிஃபென்ஸை மேலே ஏற்றி ஆடினால் அவரால் திரும்பி ஓடிப் பிடிக்க முடியாது, இன்னும் ஒரு சீசனுக்குமேல் அவரை நம்புவது சரியில்லை என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழேயே, போன சீசன் எட்டாவது ஆட்டத்திலிருந்து அவர் இரண்டு பேர் வேலையைச் செய்தார், வலப்பக்கத்து இடைவெளி அதனால் வந்தது, அதற்கும் அவர் வேகத்துக்கும் சம்பந்தமில்லை என்றும் எழுதியிருந்தாள். ரைட் பேக் மேல் குற்றமில்லை. லெஃப்ட் பேக் நன்றாக ஆடுகிறான், ஆனால் களைத்தால் சொல்ல மாட்டான், அறுபதாவது நிமிஷத்துக்குமேல் அவன் காலைப் பார்க்க வேண்டும். நடுவில் இடப்பக்கம் நிற்பவனுக்கு உயரப் பந்து பயம். வேகமாக ஓடக்கூடிய ஒருவர் தேவை, கேப்டனுக்குப் பதிலாக அல்ல, கேப்டனுக்குப் பக்கத்தில்.

கோல்கீப்பரைப் பற்றிய பக்கத்தில் ஆஸ்பத்திரி சீட்டின் நகலை அவன் கையாலேயே இணைக்கச் சொல்லியிருந்தாள்.

தலைவர் அறையில் கூட்டம் போட்டார்கள். தலைவர் அறிக்கையைப் படித்து முடித்தபோது அவர் காது சிவந்திருந்தது. "அப்ப எட்டு மாசமா எல்லாரும் சேர்ந்து நம்மளை ஏமாத்தியிருக்காங்க."

"ஆமா சார், ஏமாத்தியிருக்காங்க," என்றார் கோச். "ஆனா மூஞ்சில முழங்கால் பட்டவனை வெளிய கூட்டிட்டு வராம, கை தட்டி ஆட விட்டதும் இந்தக் கிளப்தான்."

தலைவர் கேமராக்காவைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நானும்தான் தட்டினேன் சார். அதுக்கு மேளம் வேற போட்டேன்."

தலைவர் அறிக்கையை மூடி வைத்தார். அவரும் அன்றைக்கு முதல் வரிசையில் நின்று தட்டியவர்தான்.

கேப்டன் கூட்டத்துக்கு வந்து, மறைத்தது தப்புதான் என்று ஒரே வரியில் சொன்னார். கேப்டனுக்கான கைப்பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். யாரும் அதை அவர் பக்கம் திருப்பித் தள்ளவில்லை. முதல் மூன்று ஆட்டத்துக்கு அவரை வெளியே உட்கார வைத்தார்கள். கோல்கீப்பரின் ஒப்பந்தத்தை ரத்து செய்யாமல், அவன் தேறி வரும் வரை நிறுத்திவைத்தார்கள். தலைவர் பேசிவைத்திருந்த இருபத்துநான்கு வயதுக்காரனும் வந்து சேர்ந்தான். பெரியவர் இடத்துக்கு அல்ல, அவருக்கு இடப்பக்கம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சீசன் தொடங்கியது. இரண்டாவது கோல்கீப்பர் முப்பத்தேழு வயதுக்காரர், பந்து அவர் கையில் பட்டுப் பட்டு நழுவும். ஆனால் இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும் என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டு தோல்வி. நான்காவதில் தாழ்ப்பாள் உள்ளே வந்தார். புள்ளிக்கு வலப்பக்கம் நின்றார். கோச் டிஃபென்ஸைப் பின்னால் தள்ளி வைத்திருந்ததால் அவர் அதிகம் ஓட வேண்டியிருக்கவில்லை. ஓட வேண்டிய இடத்தில் புதுப் பையன் ஓடினான். ரைட் பேக்கைத் திட்டுவதை ரசிகர்கள் நிறுத்தவில்லை, அது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கமாக வரும் கோல்கள் நின்றுபோயின.

பத்தொன்பதாவது ஆட்டத்தில் ஒட்டடைக்குச்சி கண்கவசத்தோடு இறங்கினான். கேலரியில் யாரோ, மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்தினே என்று கேட்டார்கள். இருபதாவது நிமிஷத்தில் இடப்பக்கத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. முன்னேறி வந்து, இரண்டு பேர் தலைக்குமேல் எம்பி, பிடித்தான். மறுநாள் அவள் வலைக்குப் பின்னால் இருந்த கேமராவின் பதிவைப் போட்டுக் கேட்டாள். "வரு..." என்று ஆரம்பித்த கேப்டனின் குரல் அதோடு நின்றது. "தெரியுதுண்ணே" என்றான் இவன். அவ்வளவுதான்.

முப்பது ஆட்டம் முடிந்தபோது முப்பத்துநான்கு கோல் வாங்கியிருந்தார்கள். ஆறாவது இடம். கேப்டனாக இல்லாத கேப்டன் அந்த சீசனோடு ஓய்வு பெற்றார், அவள் எழுதியிருந்தபடியே. அவருக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. தன்னைப் பற்றிய பக்கத்தின் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொன்றும் அந்த வருஷம் மாறியது. கூரைமேல் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு வாக்கி-டாக்கி வந்தது. யாருக்காவது தலையில், முகத்தில் அடிபட்டால் அவள் அதில் கோச்சிடம் சொல்ல வேண்டும், சொன்னால் மறுபேச்சில்லாமல் அந்த ஆளை ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். மேலே இருந்து பார்த்தால்தான் அடி எப்படிப் பட்டது என்று முழுதாகத் தெரிகிறது என்று கோச் தலைவரிடம் எழுதி வாங்கியிருந்தார். சீசன் முழுக்க இரண்டு தடவை அதைப் பயன்படுத்தினாள். ஒரு தடவை நெற்றியில் வீக்கம் இருந்தது, வெளியே எடுத்தது நல்லதாகப் போயிற்று. இன்னொரு தடவை ஸ்ட்ரைக்கருக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை, தோளில்தான் பட்டிருந்தது. இன்னும் ஒரு கோல் போட்டிருப்பேன், கேமராக்காவால் கெட்டது என்று அவன் ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஏணியில் ஏறும்போது, பேட்டரி இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.